வன்முறைக் கணினி விளையாட்டுகளும் கிறிஸ்தவ விசுவாசமும்

கிறிஸ்தவ விசுவாசத்தைப் பரப்பும் நோக்கோடு ஆக்கப்பட்ட ஒரு விளையாட்டில், அவ்விசுவாசத்தைக் காக்கும் பொருட்டு மனிதரைச் சுட்டுக்கொல்லும் செயலும் இடம்பெறுமாயின், அதனை உண்மையான கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு எனக் கொள்ளலாமா? கணினி விளையாட்டுகள் இளைஞரின் மனத்தைக் கெடுக்கின்றனவா, அவற்றை ஆடுவோர் வன்செயலில் இறங்குவரா என்பன உளவியலாரும் சமூகவியலாரும் நெடுங்காலமாக விவாதித்துவரும் வினாக்கள். அவற்றை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. நமது வினா இறையியலைச் சார்ந்தது. தன்னைக் கிறிஸ்தவ விளையாட்டு என அழைத்துக்கொள்ளும் ஒன்று எந்தக் கடவுளை அறிவிக்கிறது, அயலானை யாராகக் காண்கிறது, ஜெபத்தை என்னவாகப் புரிந்துகொள்கிறது என்பதே நாம் ஆராய விரும்புவது. இதற்கு எடுத்துக்காட்டாக, 2006-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த 'லெஃப்ட் பிஹைண்ட்: எட்டர்னல் ஃபோர்சஸ்' என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அது வெளிவந்து பல ஆண்டுகள் கடந்துவிட்ட போதிலும், அது எழுப்பிய வினா இன்னும் விடையிறுக்கப்படாமலே நிற்கிறது.

1. விளையாட்டும் அதன் பின்னணியும்

வன்முறை விளையாட்டின் வடிவத்தைக் கடன்வாங்கிக் கிறிஸ்தவப் பொருளை அதனுள் வைக்கும் முயற்சி இவ்விளையாட்டோடு தொடங்கியதன்று. 1992-இல் வெளிவந்த 'வுல்ஃபென்ஸ்டைன்' என்னும் விளையாட்டில் ஆடுபவன் துப்பாக்கியேந்தி நாஜிப் படைவீரரைச் சுட்டு வீழ்த்திச் செல்வான். அதே விளையாட்டின் இயங்குமுறையைக் கொண்டு 1994-இல் 'சூப்பர் 3டி நோவாஸ் ஆர்க்' என்பது வெளியிடப்பட்டது. துப்பாக்கிக்குப் பதிலாக நோவாவின் கையில் கவண். படைவீரருக்குப் பதிலாகப் பேழையில் அடங்காது திரியும் விலங்குகள். நோவா கவணால் தீனியை எறிய, விலங்குகள் உறங்கிவிடும். 2000-இல் வந்த 'கேட்டக்கூமன்' என்னும் விளையாட்டிலோ உரோமப் படைவீரர் பேய்பிடித்தவராகச் சித்திரிக்கப்படுகின்றனர். விசுவாசியின் வாள் தங்கள்மேல் பட்டதும் அவர்கள் சாவதில்லை, முழந்தாளிட்டு ஜெபிக்கின்றனர். கொலையைத் தவிர்க்கவேண்டும் என்னும் நல்லெண்ணம் இவ்விரண்டிலும் உண்டு. ஆயினும் மனமாற்றம் வாள்வீச்சின் விளைவாகக் காட்டப்படுவதைக் கூர்ந்து நோக்கவேண்டும். அகற்றப்பட்டது கருவியே, 'எதிரே தோன்றுபவனை வீழ்த்து' என்னும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

'எட்டர்னல் ஃபோர்சஸ்' இதற்கும் ஒரு படி அப்பால் சென்றது. டிம் லஹே, ஜெரி ஜென்கின்ஸ் ஆகிய இருவர் 1995 முதல் 2007 வரை பதினாறு நூல்களாக வெளியிட்ட புதின வரிசையே இதன் மூலம். அப்புதினங்கள் ஆறு கோடிப் படிகளுக்கு மேல் விற்பனையாயின. இரகசிய வருகையில் விசுவாசிகள் எடுத்துக்கொள்ளப்பட்ட பின்னர், கைவிடப்பட்டோருள் மனந்திரும்பிய சிலர் மகா உபத்திரவ காலத்தில் அந்திக்கிறிஸ்துவின் உலக அரசை எதிர்த்து நிற்பதே அவற்றின் கதை. இக்கோட்பாடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜான் நெல்சன் டார்பியின் போதனையால் பரவி, 1909-இல் வெளிவந்த ஸ்கோஃபீல்டு விளக்கவுரை வேதாகமத்தின் வாயிலாக உலகெங்கும் வேரூன்றியதை நம் வாசகர் அறிவர்.

விளையாட்டு நியூயார்க் நகரத் தெருக்களில் நிகழ்கிறது. ஆடுபவன் உபத்திரவப் படைக்குத் தலைவன். அவன் தன் ஆட்களைத் தெருவுக்கு அனுப்பி, எப்பக்கமும் சாராதோரைத் தன் பக்கம் சேர்க்கிறான். சேர்ந்தோரைப் போர்வீரர், மருத்துவப் பணியாளர், இசைவாணர், கட்டடம் கட்டுவோர் எனப் பயிற்றுவிக்கிறான். அந்திக்கிறிஸ்துவின் படையோடு மோதுகிறான். ஒவ்வொருவனுக்கும் அவனது ஆவிக்குரிய நிலையைக் காட்டும் ஓர் எண் உண்டு. அவன் கொலை செய்தால் அவ்வெண் குறையும். ஜெபிக்கும்படி கட்டளையிட்டால் மீண்டும் உயரும். மிகவும் குறைந்துவிட்டால் அவன் படைக்கு உதவாதவனாகிப் போவான். பலர் சேர்ந்து ஆடுகையில் அந்திக்கிறிஸ்துவின் பக்கத்திலிருந்தும் ஆடலாம்.

2. ஆதரிப்போர் கூறுவன

இதனை ஆதரித்தோர் கூறிய வாதங்களைச் சரிவர எடுத்துரைப்பது முறையாகும். முதலாவது, சந்தையிலுள்ள பிற விளையாட்டுகளோடு ஒப்பிடுகையில் இதில் குருதி சிந்தும் காட்சிகள் இல்லை; ஆகவே பதின்ம வயதினருக்கு ஏற்றது என்னும் தரச்சான்று இதற்கு வழங்கப்பட்டது. இரண்டாவது, இங்குக் கொலைக்குத் தண்டனை உண்டு. ஏனைய விளையாட்டுகள் கொலைக்குப் பரிசளிக்க, இதுவோ ஆவிக்குரிய இழப்பை விதிக்கிறது. ஜெபமும் ஆராதனையுமே வலிமை மிக்க படைக்கலங்கள் எனக் கற்பிக்கிறது. மூன்றாவது, சபைக்கு வராத இளைஞன் தன் அறையில் அமர்ந்து ஆடும்போது நித்தியத்தைப் பற்றிச் சிந்திக்கும் வாய்ப்பைப் பெறுகிறான்.

இவ்வாதங்கள் எளிதில் தள்ளத்தக்கவையல்ல. கொலையால் ஆத்துமாவுக்குக் கேடு உண்டாகும் என்னும் உண்மையை ஒரு விளையாட்டின் விதியாகவே அமைத்தது பாராட்டுக்குரியதே. ஆயினும் எதிர்ப்பு வலுத்தது. 2006 டிசம்பரில் முற்போக்குக் கிறிஸ்தவ அமைப்புகள் சில, இதனை விற்பனையினின்று அகற்றுமாறு வால்மார்ட் நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டன. வன்முறை விளையாட்டுகளை நெடுங்காலம் எதிர்த்துவந்த வழக்கறிஞர் ஜாக் தாம்ப்சன் போன்ற பழமை பேணும் சுவிசேஷ அணியினரும் இதனைக் கண்டித்தனர். எனவே இது முற்போக்கினருக்கும் பழமை பேணுவோருக்கும் இடையிலான கட்சிப் பூசல் மட்டுமே எனக் கருதுதல் பொருந்தாது.

3. ஜெபம் எரிபொருளாகும்போது

நமது முதன்மையான மறுப்பு, ஆதரிப்போர் பெரிதும் போற்றும் அந்த விதியையே பற்றியது. கொன்றால் எண் குறையும். ஜெபித்தால் எண் கூடும். இவ்விரு விதிகளும் இணையும்போது ஆடுபவன் உண்மையில் கற்பது யாது? கொலை செய்யாதே என்பதன்று. கொலைக்கு இன்ன விலை, அவ்விலையை இவ்வாறு ஈடுசெய்யலாம் என்பதே. தண்டனை என வைக்கப்பட்டது செலவாக மாறிவிடுகிறது. திறமையான ஆட்டக்காரன் தன் வீரரைக் கொல்லச் செய்து, பின்வாங்கச் செய்து, ஜெபிக்கச் செய்து, மீண்டும் களத்துக்கு அனுப்புவான். இங்கு ஜெபம் என்பது வண்டிக்கு ஊற்றும் எண்ணெயை ஒத்தது. போன்ஹோஃபர் 1937-இல் வெளியிட்ட நூலில் மலிவான கிருபை எனச் சாடியதற்கு இதைவிடத் தெளிவான உருவகம் ஒன்றைக் காண்பது அரிது. கிருபை பெருகும்படி பாவத்திலே நிலைத்திருக்கலாமோ என உரோமர் 6:1-இல் பவுல் எழுப்பும் வினாவுக்கு, 'ஆம், கணக்கைச் சரியாக வைத்துக்கொண்டால் போதும்' என்று இவ்விளையாட்டு விடையளிக்கிறது.

திருமறையில் கொலைக்குப் பின் வரும் ஜெபம் எத்தகையது? உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட தாவீதின் வரலாற்றை நோக்குவோம் (2 சாமு. 11-12). கொலைகாரன் தானாக ஜெபத்துக்குச் செல்லவில்லை. நாத்தான் வந்து அவன் முகத்துக்கு எதிரே உண்மையைக் கூறவேண்டியிருந்தது. மன்னிப்புக் கிடைத்தது, எனினும் உரியா மறைந்துபோகவில்லை. தாவீதின் வீட்டில் பட்டயம் தங்கிற்று. மத்தேயு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்து வம்ச வரலாற்றில், சாலொமோனின் தாய் தன் பெயரால் அன்றி உரியாவின் மனைவியாகவே குறிக்கப்படுகிறாள். மேசியாவின் வம்ச அட்டவணையிலேயே கொலையுண்டவன் பெயர் நிலைத்துவிட்டது. விளையாட்டிலோ கொல்லப்பட்டவன் திரையினின்று அகன்றுவிடுகிறான். அவனுக்குப் பெயரில்லை, அவனுக்காக அழுவோர் இல்லை.

குருதி காட்டப்படவில்லை என்னும் வாதத்தையும் இவ்விடத்தில் எடைபோடவேண்டும். ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுகிறது என்கிறது ஆதியாகமம் 4:10. இரத்தம் காட்டப்படாத இடத்தில் கூப்பிடுவதற்கு எதுவுமில்லை. பார்ப்போரின் கண்ணுக்கு அருவருப்பு நேராதபடி அதனை நீக்கியதால் வன்முறை குறையவில்லை. வன்முறையின் சாட்சியே நீங்கியது. கோரக்காட்சிகள் மிகுந்த உலகியல் விளையாட்டு, சாவு கொடியது என்பதையேனும் மறைப்பதில்லை. தூய்மையாக்கப்பட்ட கொலையோ மனச்சாட்சியை எளிதில் தாண்டிச் செல்கிறது.

4. அயலான் யார்?

இவ்விளையாட்டில் மனிதர் மூவகையினர்: நம்மவர், எதிரிகள், இன்னும் சேர்க்கப்படாதோர். மூன்றாம் வகையினர்பால் காட்டப்படும் அக்கறை அவர்களைப் படைக்குச் சேர்ப்பதற்கானது. மனந்திரும்பியவன் உடனே பயிற்சிக்கு அனுப்பப்படுகிறான். ஆக, நற்செய்தி அறிவித்தலுக்கும் படைக்கு ஆள்திரட்டுதலுக்கும் இடையே வேறுபாடில்லை. எவருக்கும் அவர் மனிதர் என்பதனாலேயே மதிப்பு உண்டு என்னும் படைப்பின் கோட்பாட்டுக்கு இங்கு இடமில்லை. படைக்குப் பயன்படும் அளவே அவரது மதிப்பு.

லூக்கா 10-ஆம் அதிகாரத்தில் நியாயசாஸ்திரி எழுப்பிய வினாவை ஆண்டவர் திருப்பிவிட்டமை கவனிக்கத்தக்கது. எனக்கு அயலான் யார் எனக் கேட்டவனிடம், விழுந்துகிடந்தவனுக்கு அயலானாய் இருந்தவன் யார் எனக் கேட்டார். சமாரியன் அவனை எவ்வகையினன் என வகைப்படுத்தவில்லை. அவ்வாறே அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில், சபையைப் பாழாக்கும்படி தமஸ்குவுக்கு வந்த சவுலைச் சந்திக்க அனனியா அனுப்பப்பட்டபோது, அவன் கையில் ஆயுதமில்லை. சகோதரனே என அழைக்கும் வாயும், மேலே வைக்கும் கைகளுமே இருந்தன. எதிரியை முன்கூட்டியே எதிரியென எண்ணிட்டு நிறுத்தும் விளையாட்டில் ஒரு பவுல் தோன்றுதல் இயலாது. இது சிறு குறைபாடன்று. நற்செய்தியின் மையமே இங்கு விடுபட்டுப்போகிறது.

5. சிங்கமும் ஆட்டுக்குட்டியும்

இவ்விளையாட்டும் அதன் மூலநூல்களும் தங்கள் ஆதாரமாகக் காட்டுவது வெளிப்படுத்தின விசேஷம். எனவே அந்நூலையே நாம் வினவவேண்டும். முதல் நூற்றாண்டின் இறுதியில், உரோமப் பேரரசின் நெருக்குதலுக்கு உட்பட்ட ஆசியா நாட்டுச் சிறு சபைகளுக்கு எழுதப்பட்ட நூல் இது. போர் உருவகங்கள் அதில் நிரம்பியுள்ளன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவ்வுருவகங்களை யோவான் கையாளும் முறையே முக்கியமானது.

ஐந்தாம் அதிகாரத்தில் யூதா கோத்திரத்துச் சிங்கம் வென்றது என யோவானின் காதில் விழுகிறது; திரும்பிப் பார்க்கையில் அடிக்கப்பட்ட வண்ணமாயிருக்கிற ஆட்டுக்குட்டியே நிற்கிறது (5:5-6). கேட்டது ஒன்று, கண்டது வேறொன்று. அந்நூல் முழுவதற்கும் இதுவே திறவுகோல் எனலாம். பன்னிரண்டாம் அதிகாரத்தில் சகோதரர் வலுசர்ப்பத்தை வெல்வது ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும், தங்கள் சாட்சியின் வசனத்தினாலும், உயிரையும் பொருட்படுத்தாமையினாலுமே (12:11). பதின்மூன்றாம் அதிகாரத்தில் மிருகம் பரிசுத்தவான்களோடு போர்தொடுக்கும்போது அவர்களுக்குக் கற்பிக்கப்படுவது பொறுமையும் விசுவாசமும் (13:10). பத்தொன்பதாம் அதிகாரத்தில் வெண்குதிரைமேல் வருபவரின் பட்டயம் அவர் கையில் இல்லை, வாயிலிருந்து புறப்படுகிறது. போர் தொடங்குமுன்பே அவரது அங்கி இரத்தத்தில் தோய்ந்திருக்கிறது (19:13-15). அது எதிரிகளின் இரத்தம் என ஏசாயா 63-ஐக் கொண்டு உரைப்போரும் உளர்; அவரது சொந்த இரத்தமே என உரைப்போரும் உளர். இவ்விரு சாராரும் மறுக்கவியலாத ஒன்று உண்டு: அவரைப் பின்செல்லும் பரலோகச் சேனைகள் ஆயுதம் ஏந்தியதாகவோ எவரையும் வெட்டியதாகவோ ஓரிடத்திலும் கூறப்படவில்லை. அந்நூலில் பரிசுத்தவான்கள் கொல்லப்படுகின்றனர், கொல்வதில்லை. அந்திக்கிறிஸ்துவின் காலத்து விசுவாசியின் கையில் துப்பாக்கியைக் கொடுத்தவர்கள், தாங்கள் ஆதாரமெனக் காட்டும் நூலின் மையத்தையே மாற்றிவிட்டனர்.

6. இரு மறுப்புகள்

யோசுவாவின் போர்கள் திருமறையில் இல்லையா எனச் சிலர் வினவுவர். அப்பகுதிகள் எளிதில் விளக்கமுடியாதவை. அவற்றைப் பூசி மெழுகுதல் நேர்மையாகாது. ஆயினும் மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிகன் யோசுவாவின் நூலைப் பற்றிய தம் அருளுரைகளில் அப்போர்களை உள்ளத்துப் பாவங்களோடு நிகழும் போராகவே விளக்கினார். அவரது முறையை நாம் முழுவதும் ஏற்காவிடினும், கிறிஸ்துவின் வழியாகவே அவற்றை வாசிக்கவேண்டும் என்னும் அவர் நோக்கம் சரியானதே. எலியாவின் முன்மாதிரியை மனத்திற்கொண்டு சமாரிய ஊரின்மேல் அக்கினி இறங்கச் செய்யலாமோ என யாக்கோபும் யோவானும் கேட்டபோது, ஆண்டவர் அவர்களைக் கடிந்துகொண்டாரன்றோ (லூக். 9:51-55)?

கிறிஸ்தவ இலக்கியத்திலேயே போர் இடம்பெற்றிருக்கிறதே என்பது மற்றொரு மறுப்பு. இது தமிழ்க் கிறிஸ்தவரான நமக்கு அணுக்கமானது. ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட நூலில் கிறிஸ்தவன் அப்பொல்லியோனோடு வாள்கொண்டு பொருகிறான். அந்நூலைத் தழுவியே எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1894-இல் 'இரட்சணிய யாத்திரிகம்' என்னும் காப்பியத்தைத் தமிழுக்கு அளித்தார். பனியன் இளமையில் பாராளுமன்றப் படையில் போர்வீரராய் இருந்தவர். துப்பாக்கியையும் சாவையும் அறிந்தவர். எனினும் அவர் தம் யாத்திரிகனுக்கு எதிரே நிறுத்தியது அயலூரானையோ அரசனின் படைவீரனையோ அன்று, நாசத்தின் தூதனையே. நமக்கு மாம்சத்தோடும் இரத்தத்தோடும் போராட்டமில்லை என்னும் எபேசியர் 6:12-இன் எல்லையை அவர் கடக்கவில்லை. ஆகவே போர் உருவகமே தவறு என நாம் வாதிடவில்லை. எதிரே நிற்பது யார் என்பதே அளவுகோல். உருவகத்தில் பேய் நின்ற இடத்தில் நியூயார்க் தெருவில் நடந்துசெல்லும் மனிதன் வந்து நிற்கும்போது, அது உருவகம் என்னும் நிலையை இழந்துவிடுகிறது.

அதனை இழந்துவிட்டது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சான்று. ஈராக்கில் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கப் படைவீரருக்கு அனுப்பவிருந்த அன்பளிப்புப் பொதிகளில் இவ்விளையாட்டையும் சேர்க்க ஒரு சுவிசேஷக் குழு திட்டமிட்டிருந்தது. 2007 ஆகஸ்டில் செய்தி வெளியாகிக் கண்டனம் எழுந்தபின் அது கைவிடப்பட்டது. இஸ்லாமியர் பெரும்பான்மையாய் வாழும் நாடொன்றில், மெய்யான துப்பாக்கி ஏந்தியவனுடைய கையில், விசுவாசத்தின் பேரால் நகரத் தெருக்களில் போரிடும் விளையாட்டை வைக்க எண்ணியோர், திரைக்கும் தெருவுக்கும் இடையே வேறுபாடு காணவில்லை என்பது தெளிவு.

7. திருச்சபையின் தடுமாற்றம்

அக்காலத்தில் திருச்சபை ஒரே குரலில் பேசவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. 2007 ஜூனில், சோனி நிறுவனத்தின் 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' என்னும் விளையாட்டில் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறம் துப்பாக்கிச் சண்டைக்குரிய களமாகக் காட்டப்பட்டதை இங்கிலாந்துத் திருச்சபை வன்மையாகக் கண்டித்தது. துப்பாக்கிக் குற்றங்களால் துயருற்ற நகரம் அது. அதனால் பாதிக்கப்பட்ட குடும்பங்களிடையே பேராலயம் பணிசெய்து வந்தது. அடுத்த மாதம் சோனி மன்னிப்புக் கேட்டது. அதே ஆண்டு அக்டோபரிலோ, அமெரிக்காவில் பல புராட்டஸ்டன்ட் சபைகள் இளைஞரைக் கவர்வதற்கென 'ஹேலோ 3' என்னும் போர் விளையாட்டைத் தங்கள் கட்டடங்களிலேயே ஆடச் செய்ததை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்டது. பதினேழு வயதுக்குக் குறைந்தோருக்கு ஏற்றதன்று எனத் தரமிடப்பட்ட விளையாட்டு அது. ஆலயத்தைப் படமாக்கியதற்காக ஒரு சபை வருந்துகிறது. மற்றொரு சபை ஆலயத்துக்குள்ளேயே அதற்கு இடமளிக்கிறது. கல்லால் கட்டிய ஆலயத்தின் தூய்மையைப் பற்றி நாம் கவலைகொள்ளும் அளவுக்கு, கடவுளின் ஆலயமாகிய மனிதனைப் பற்றிக் கவலைகொள்கிறோமா என்பது இரு சாராரும் எண்ணிப்பார்க்கவேண்டிய வினா.

8. ஆயர் பணிக்குச் சில கருத்துக்கள்

இவ்விளையாட்டு அமெரிக்காவில் தோன்றியது. நமது சபைகளில் இதனை அறிந்தோர் மிகச் சிலரே. எனினும் இதனைப் பிறப்பித்த இறுதிக்காலப் போதனை நமது கன்வென்ஷன் மேடைகளுக்குப் புதியதன்று. அந்திக்கிறிஸ்துவின் முத்திரையையும் மகா உபத்திரவத்தையும் படக்காட்சிபோல் விரித்துரைக்கும் பிரசங்கங்களில், அழிவுறப்போவோரைக் குறித்த கண்ணீரைவிட அவர்கள் அழிவைக் குறித்த களிப்பே மிகுந்து ஒலிப்பதுண்டு. விளையாட்டை ஆக்கியோர் அக்களிப்புக்கு உருவம் கொடுத்தார்கள், அவ்வளவே. எருசலேமைக் கண்டு அழுதவரின் (லூக். 19:41) ஊழியர் நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது, அவர் குரல் அவர்கள் குரலில் கேட்கவேண்டும்.

ஆகவே ஆயர்களுக்கும் இறையியல் மாணவருக்கும் மூன்று கருத்துக்களை முன்வைக்கிறோம். ஒன்று, வெளிப்படுத்தின விசேஷத்தைச் சபையில் முறையாகப் போதிக்கவேண்டும். அது கடினம் எனக் கருதி நாம் ஒதுக்கிவைத்தால், நமது இளைஞர் அதனைப் புதினங்களிலிருந்தும் திரையிலிருந்தும் கற்றுக்கொள்வர். இரண்டு, இளைஞர் ஆடும் விளையாட்டுகளைப் பாராமலே பழித்தல் பயன்தராது. அவர்களோடு அமர்ந்து, இதில் எதிரி யார், அவன் ஏன் எதிரியானான், அவன் செத்தபின் என்ன நிகழ்கிறது என வினவலாம். கிறிஸ்தவப் பெயர் தாங்கியதாயினும் தாங்காததாயினும் எவ்விளையாட்டுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். மூன்று, ஒரு கருவி இளைஞரைச் சபைக்குள் கொண்டுவருகிறதா என்று மட்டும் கேளாமல், எத்தகைய கிறிஸ்துவிடம் கொண்டுவருகிறது என்றும் கேட்கவேண்டும்.

நமது வினாவுக்கு விடை இதுவே: கிறிஸ்துவின் பெயரும் ஜெபமும் திருமறை வசனமும் இடம்பெறுவதனால் ஒரு விளையாட்டு கிறிஸ்தவ விசுவாசத்தின் வெளிப்பாடு ஆகிவிடாது. கெத்செமனேயில் சீடன் ஒருவன் ஆண்டவரைக் காக்கும்பொருட்டே வாளை உருவினான். அவன் விசுவாசத்தில் ஐயமில்லை. சிலுவைக்கு முன் ஆண்டவர் இறுதியாகச் செய்த குணமாக்குதல், தம் சீடனுடைய வாளால் காயமுற்ற எதிரியின் செவியைத் தொட்டுச் சுகமாக்கியதே (லூக். 22:50-51). தம்மைக் காக்கும்படி வெட்டுவோர் அவருக்கு வேண்டியதில்லை என்பதை அன்று அவர் செயலால் காட்டினார். நமது போதனையும் இளைஞர் பணியும் அச்செயலுக்கு இசைந்திருத்தல் வேண்டும்.